மாரியிலும் மிதிக்கலாம்: வன்னிக்கு ஏற்றது றோலர்

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கியதும் வன்னியில் சைக்கிள் ஓட்டப் பயிற்சி தடுமாறத் தொடங்குகிறது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்க்கும் நிலம் இது. தைப்பொங்கல் கழிந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் வந்துவிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஊர்க் கழகங்கள் சைக்கிள் ஓட்டம் வைக்கும். அதன் பின் பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று போட்டிகள் மேலேறும். ஆக, உடலைப் போட்டிக்குத் தயார்ப்படுத்த வேண்டிய மாதங்களும் வீதி நம்மைக் கைவிடும் மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. சைக்கிளை ஓரிடத்தில் வைத்து மிதிக்க உதவும் கருவிகள் இந்த இடைவெளியை நிரப்பும். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பெரிதும் பயன்படும் அவை பல வகைப்படும். அவற்றில் வன்னிக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. கணினியோடு இணையும் விலை உயர்ந்த கருவிகளை விட்டு, மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை ஓடவிடும் எளிய றோலரை நம் பாடசாலைகளும் கழகங்களும் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை இங்கேயே செய்து, பொதுவில் வைத்துப் பகிர வேண்டும் என்பது என் வாதம்.

முதலில், ‘மழையிலும் நம் பிள்ளைகள் சைக்கிளில்தானே பாடசாலைக்குப் போகிறார்கள், பயிற்சிக்கு மட்டும் கூரை எதற்கு?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பாடசாலைக்குப் போகும் பிள்ளை ஓரமாக, மெதுவாக, தேவையான இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போகும். பயிற்சி எடுப்பவர் மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டியவர். ஈரத் தாரில் பிறேக் பிடிக்கும் தூரம் கூடுகிறது. வெள்ளம் மூடிய குழி கண்ணுக்குத் தெரியாது. வயல்கள் விதைக்கப்பட்டு மேய்ச்சல் நிலம் ஈரமாகிவிடுவதால் கட்டாக்காலி மாடுகள் காய்ந்த தாரைத் தேடி வீதியில் வந்து படுக்கின்றன. மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் கார்த்திகை மார்கழியில், ஏ9 வீதியில் விரையும் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே வேகப் பயிற்சி எடுக்கச் சொல்வது ஒரு பயிற்றுநர் செய்யக்கூடாத காரியம். சில ஆண்டுகளில் வீதியே இல்லாமலும் போகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் நீருக்குள் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயலில் பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியின் பாலம் சேதமடைந்து, இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் அங்கே பெய்லி பாலம் அமைத்த பிறகே போக்குவரத்து சீரானது. இப்படியான மாதங்களில் வீதியை மட்டும் நம்பிப் பயிற்சித் திட்டம் போட முடியாது.

மூன்று மாதம் விட்டால்தான் என்ன, தையில் மீண்டும் தொடங்கலாமே என்று சிலர் நினைக்கலாம். உடல் அப்படிக் காத்திருப்பதில்லை. நீண்டகாலம் கடுமையாகப் பயின்றவர்கள் பயிற்சியை முற்றாக நிறுத்தினால் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் கொய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு முதல் மூன்று வாரங்களிலேயே ஏறத்தாழ 7 வீதம் குறைந்தது. எட்டு வாரங்களுக்குப் பின் அது 16 வீத இழப்பில் போய் நின்றது. அதே துறையில் ரொபேர்ட் ஹிக்சன் செய்த ஆய்வுகள் இதற்கு மறுபக்கமான நற்செய்தியைத் தருகின்றன. வாரம் ஆறு நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று பத்து வாரம் பயின்றவர்கள், அதன் பின் வாரத்துக்கு இரண்டே நாளாகக் குறைத்தும் பதினைந்து வாரங்களுக்குத் தங்கள் ஒட்சிசன் திறனை ஏறக்குறைய முழுதாகக் காப்பாற்றிக்கொண்டார்கள். நாள்களைக் குறைத்தாலும் பயிற்சியின் கடுமையைக் குறைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். கடுமையைக் குறைத்த இன்னோர் ஆய்வில் அந்தத் திறன் சரிந்தது. பதினைந்து வாரம் என்பது நம் மாரியைவிடச் சற்று நீளமான காலம். எனவே நமக்குத் தேவைப்படுவது வாரம் இரு தடவை, தடவைக்கு 40 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு மிதிக்கக் கூடிய ஒரு வசதி. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டே கருவியைத் தேட வேண்டும்.

அறைக்குள் மிதிப்பது வீதிப் பயிற்சிக்கு ஈடாகாது என்ற ஐயமும் உண்டு. அவுஸ்திரேலிய வீரர் மத்தியூ ஹேமன் 2016 பெப்ரவரி இறுதியில் பெல்ஜியத்தில் நடந்த போட்டியொன்றில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அடுத்த வாரங்களை வீட்டுக் கராஜுக்குள் ரெயினரில், அதாவது சைக்கிளைப் பூட்டி ஓரிடத்திலேயே மிதிக்கும் கருவியில், மிதித்தே கழித்தார். ஏப்ரல் 10ஆம் திகதி, 250 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பரிஸ்–ரூபே பந்தயத்தில், நான்கு தடவை அதை வென்ற டொம் போனனை இறுதி ஓட்டத்தில் முந்தி வென்றார். பல ஆண்டு வீதி அனுபவம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது என்பதை மறுக்க முடியாது. கராஜ் அவருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை, இருந்ததைக் கரையாமல் காத்தது. மாரியில் நாம் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். ஆனால் ஹேமன் பயன்படுத்திய கருவியையும் இணையச் செயலியையும் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அதற்கு இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் நம் சைக்கிள்களிலிருந்தே தொடங்குகிறது. இன்று சந்தையில் உயர்வாகப் பேசப்படும் ரெயினர்களில் பின்சில்லைக் கழற்றிவிட்டுச் செயினை நேரடியாகக் கருவியின் பற்சக்கரத்தில் மாட்ட வேண்டும். இவை பல கியர் கொண்ட பந்தய சைக்கிளுக்கென்று செய்யப்பட்டவை. வன்னியில் பெரும்பாலான மாணவரிடம் இருப்பது ஒற்றைக் கியர் லுமாலாவோ அதைப் போன்ற இன்னொன்றோதான். அதைப் பொதுவாக இந்தக் கருவியில் மாட்ட முடியாது. மாட்ட முடிந்தாலும், விலை பல நூறு அமெரிக்க டொலர். தடையை மாற்றுவதற்கு மின்சாரம் வேண்டும், திரையில் ஓடுவதற்கு இணையம் வேண்டும், ஸ்விஃப்ட் போன்ற செயலிக்கு மாதச் சந்தாவை வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். மழைக்காற்றில் மரம் முறிந்தால் முதலில் போவது கரண்ட். மழைக்காலத்துக்கென்று வாங்கிய கருவி மழை கடுமையாகும் நாளில் ஓடாமல் நிற்பது எவ்வளவு பொருந்தாத காரியம்! 2022 பொருளாதார நெருக்கடியில் இறக்குமதித் தடைகளும் டொலர் விலையும் சைக்கிள் ரயரைக்கூடக் கைக்கெட்டாத பொருளாக்கியதை நாம் மறந்துவிடக்கூடாது. உதிரிப்பாகத்துக்குக் கடல் கடந்து காத்திருக்க வேண்டிய எந்தக் கருவியும் ஒரு பாடசாலையில் நீண்டநாள் உயிரோடு இராது.

அடுத்த வகை, பின்சில்லை ஓர் இரும்புச் சட்டத்தில் தூக்கிப் பூட்டி, ரயரின் மேல் சிறு உருளையொன்றை அழுத்தித் தடை கொடுக்கும் ரெயினர். அந்தத் தடை மூன்று விதமாகப் பிறக்கலாம். விசிறி பூட்டியதில் வேகம் கூடக் கூடத் தடை செங்குத்தாக ஏறும், இரைச்சலும் ஏறும். காந்தம் பூட்டியதில் தடை சீராக உயரும், விலையும் குறைவு. எண்ணெய் போன்ற திரவம் நிரப்பியது வீதியின் உணர்வுக்குக் கிட்ட வரும், விலை கூடியது. மூன்றுக்கும் மின்சாரம் தேவையில்லை, ஆதலால் இவை முதல் வகையைவிட நமக்கு நெருக்கமானவை. எனினும் பின் அச்சைப் பிடிக்கும் கவ்விதான் இங்கே இடிக்கிறது. பந்தய சைக்கிளின் மெல்லிய அச்சுக்குச் செய்த கவ்வி அது. நம் சைக்கிளின் பின் அச்சிலோ பெரிய நட், அதன் மேல் கரியர் கம்பி, மட்கார்ட் கம்பி, ஸ்ராண்ட் என்று எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும். அவற்றைக் கழற்றி மாட்டுவது ஒரு தடவைக்குச் சரி. அதே சைக்கிளில் மறுநாள் காலை பாடசாலைக்குப் போக வேண்டிய பிள்ளை வாரம் இருமுறை இதைச் செய்யாது.

றோலருக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. நீள்சதுரச் சட்டமொன்றில் பின்சில்லுக்கு இரண்டு உருளைகளும் முன்சில்லுக்கு ஒன்றும் சுழலும். பின் உருளையிலிருந்து ஒரு பட்டி முன் உருளைக்கு ஓடுவதால், பெடல் மிதித்ததும் இரண்டு சில்லும் ஒன்றாகச் சுற்றும். சைக்கிளை எதிலும் பூட்டுவதில்லை. வீதியில் எப்படிச் சமநிலை காக்கிறோமோ அப்படியே இங்கும் காக்க வேண்டும். ஒற்றைக் கியரோ இருபது கியரோ, கரியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏற்றி வைத்து மிதிக்கலாம். கவனிக்க வேண்டிய அளவு ஒன்றே: முன் உருளை முன்சில்லின் அச்சுக்கு ஏறத்தாழ நேர் கீழே வர வேண்டும். பந்தய சைக்கிளில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே சுமார் ஒரு மீற்றர்தான். நம் பெரிய சைக்கிளில் அது கூடுதல். வெளிநாட்டு றோலர் வாங்குவதானால் முன் உருளையை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்பதை அளந்து பார்த்தே வாங்க வேண்டும். இங்கே செய்வதானால் சட்டத்தில் கூடுதலாகச் சில துளைகள் போட்டாலே போதும்.

றோலரில் தடை போதாது, ஹிக்சன் சொன்ன கடுமை வராது என்பது இந்தத் தேர்வுக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம். அதில் உண்மை உண்டு. காற்றின் எதிர்ப்பு இல்லாத இடத்தில், பெரிய உருளைகளின் மேல், நன்கு காற்றடித்த ரயரோடு மிதித்தால் கால் இலேசாகவே சுற்றும். ஆனால் இதற்குக் கைவசம் தீர்வுகள் உண்டு. உருளையின் விட்டம் சிறிதானால் ரயர் அதிகம் நசுங்கித் தடை கூடும். ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்தாலும் அதே விளைவு. பின் உருளையின் அச்சில் ஒரு விசிறித் தட்டைப் பூட்டினால் வேகத்தோடு தடையும் ஏறும். கியர் உள்ளவர் கியரைக் கூட்டலாம். கியர் இல்லாதவர் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்த இடத்தில் 110 சுற்று மிதிக்கலாம். இப்படி மூன்று நிமிடம் வேகமாகவும் இரண்டு நிமிடம் மெதுவாகவும் மாறி மாறி மிதிப்பவருக்கு மூச்சு வாங்காமல் போகாது. ஆற்றலை வாற்றில் அளக்கும் மானி இல்லையே என்ற குறையையும் பெரிதாக்கத் தேவையில்லை. ஒரு கைக்கடிகாரம், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்ணிக்கை, பதினைந்து விநாடி நாடித்துடிப்பை நான்கால் பெருக்கிக் குறித்து வைக்கும் ஒரு கொப்பி ஆகியவை ஒரு மாவட்ட வீரரின் முன்னேற்றத்தைக் கண்காணிக்கப் போதும். மாகாண மட்டத்தைத் தாண்டியவர்களுக்காகக் கழகத்தில் ஒன்றிரண்டு காந்த ரெயினர்களை வைத்திருப்பதை நான் எதிர்க்கவில்லை. அடித்தளம் றோலராக இருக்கட்டும் என்பதே நான் கேட்பது.

விழுந்துவிடுவார்களே என்பது பெற்றோரின் அச்சம். நியாயமான அச்சம். முதல் நாள்களில் எல்லோருக்கும் சைக்கிள் ஆடும். சுவரை ஒட்டியோ இரண்டு மேசைகளுக்கு நடுவிலோ றோலரை வைத்து, ஒரு கையைப் பிடிமானத்தில் ஊன்றித் தொடங்கி, பார்வையைச் சில்லில் வைக்காமல் சற்றுத் தொலைவில் நிறுத்தினால் சில அமர்வுகளில் கை விட்டுவிடலாம். சைக்கிள் முன்னோக்கி நகராததால் வழுக்கினாலும் விழுவது பக்கவாட்டில்தான். பக்கத்தில் ஒருவர் நிற்பதும், பட்டியில் விரலோ துப்பட்டாவோ சிக்காதபடி மூடி போடுவதும் கட்டாயம். இந்தச் சிறு இடர்ப்பாடு ஒரு பெரும் பயனையும் தருகிறது. நேர்கோட்டில் போகவும், இடுப்பை ஆட்டாமல் மிதிக்கவும், இரண்டு காலுக்கும் சமமாக வேலை கொடுக்கவும் றோலர் கற்றுத் தருகிறது. பூட்டிய ரெயினரில் எவ்வளவு அலங்கோலமாக மிதித்தாலும் சைக்கிள் நிற்கும். கூட்டமாக ஓடும் வீதிப் பந்தயத்தில் பக்கத்து வீரரின் கைப்பிடியில் மோதாமல் காப்பது றோலரில் பழகிய அந்த நேர்கோடுதான். ஓடுதளப் பந்தய வீரர்கள் போட்டிக்கு முன் உடலைச் சூடாக்க இன்றும் றோலரில் ஏறுவது இதனாலேயே.

எந்தக் கருவியானாலும் நம் காலநிலைக்கென்று ஒரு விதியைச் சேர்க்க வேண்டும். பனிநாட்டு நூல்களில் இது அடிக்குறிப்பாக வரும், இங்கே இதுவே தலைப்பாக வேண்டும். மனித உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் வெப்பம். 150 வாற்றில் மிதிக்கும் ஒருவர் 450 முதல் 600 வாற்று வரை வெப்பத்தை வெளிவிடுகிறார், பழைய நூறு வாற்று மின்குமிழ்கள் ஐந்தாறைச் சட்டைக்குள் எரியவிட்டதைப் போல. வீதியில் எதிர்க்காற்று அதைத் துடைத்துவிடும். அறைக்குள் காற்றில்லை. மாரியில் ஈரப்பதன் கூடுவதால் வியர்வையும் எளிதில் உலராது. எனவே ஜன்னல் அடைத்த வகுப்பறையில் றோலரை வைப்பது தவறு. கூரை இருந்து பக்கங்கள் திறந்த மண்டபம், பொதுநோக்கு மண்டபத்தின் விறாந்தை, தகரக் கொட்டகை போன்றவையே சரியான இடம். கரண்ட் இருக்கும்போது மின்விசிறியை நெஞ்சுக்கு நேரே வைக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்ட வேண்டும், ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றருக்கு மேல் வியர்வையாகப் போகலாம். தலை சுற்றினால் இறங்கிவிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் செய்து தருவது? கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016 முதல் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி தருகிறது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. றோலருக்கு வேண்டியது பெட்டி இரும்புச் சட்டம், மூன்று உருளை, ஆறு பெயாரிங், ஒரு பட்டி. உருளையைக் கனமான 110 மில்லிமீற்றர் பீவீசீ குழாயிலிருந்தே செய்யலாம். குழாய் எல்லா இடத்திலும் ஒரே வட்டமாக இராது, ஆகவே லேத்தில் கடைந்து சீராக்காவிட்டால் வேகத்தில் அதிரும். அந்த ஒரு வேலையில்தான் கைத்திறன் தேவை. மாணவரின் செயற்றிட்டமாக ஒரு மாதிரியை வடிவமைத்து, அளவுகளைப் பொதுவில் வைத்துவிட்டால், மாங்குளத்திலோ நெடுங்கேணியிலோ உள்ள வெல்டிங் பட்டறை அதைப் பார்த்து இன்னொன்று செய்யும், பழுதானால் திருத்தும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பற்றரி கிடையாதபோது, ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளிலிருந்து பயன் பெறும் தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து கற்க வேண்டிய நிலை நமக்கு இல்லை.

வெள்ளத்தில் வீடிழந்தவர் இருக்கும் மண்ணில் இது ஆடம்பரம் அல்லவா என்று கேட்பவருக்கு நான் முன்வைப்பது ஒரு கணக்கு. பாடசாலை விட்ட பின் 2.30 முதல் 5.30 வரை மூன்று மணி நேரம். இடையில் மாறும் நேரத்தோடு ஓர் அமர்வுக்கு 45 நிமிடம் என்றால் நாளுக்கு நான்கு அமர்வு, கிழமைக்கு ஐந்து நாளில் இருபது. ஒருவருக்கு இரண்டு அமர்வு போதும் என்று ஆய்வு சொல்கிறது. ஆகவே ஒரு றோலர் பத்துப் பேருக்குப் போதும், நான்கு றோலர் நாற்பது பேருக்கு. ஒரே ஒருவர் பயன்படுத்தும் நவீன ரெயினருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பாடசாலையின் அணி முழுவதும் மாரியைக் கடந்துவிடலாம். அதோடு, இருட்டிய வீதியில் தனியே சைக்கிளோட வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்பிள்ளைகளுக்கு இது ஆண்பிள்ளைகளோடு சமமான பயிற்சி நேரத்தைத் தருகிறது. மழை விட்ட மாதங்களிலும் அவர்கள் இழக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், றோலரின் பயன் மாரியோடு முடிவதில்லை. வீடிழந்தவருக்கு நிவாரணம் முதலில் போக வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. விளையாட்டுக்கென்று ஒதுக்கப்படும் பணம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. அது கண்ணாடி அறைக்குள் நாலு பேர் பார்க்க நிற்கும் இயந்திரமாவதா, நாற்பது பேர் ஏறி மிதிக்கும் சட்டமாவதா என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கிறோம்.

எனவே வடமாகாணக் கல்வி, விளையாட்டுத் துறைகளிடமும் மூன்று மாவட்டச் செயலகங்களின் விளையாட்டு உத்தியோகத்தர்களிடமும் கேட்பது இதுதான். வரும் ஐப்பசிக்கு முன் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஒவ்வொன்றிலும் ஒரு பாடசாலையைத் தெரிவு செய்து நான்கு றோலர்கள் வையுங்கள். நகரப் பாடசாலையைத் தவிர்த்து, துணுக்காய், வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் தொடங்குங்கள். அறிவியல் நகரிடம் வடிவமைப்பைக் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். ஐப்பசியிலும் தையிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து கிலோமீற்றரை எவ்வளவு நேரத்தில் ஓட்டுகிறது என்று அளந்து, முடிவைப் பத்திரிகையில் வெளியிடுங்கள். பலன் இல்லையென்றால் இரும்பை விற்றுவிடலாம், பெரிய நட்டமில்லை. பலன் இருந்தால் அடுத்த மாரிக்குள் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் இது நிற்க வேண்டும்.